டைல்ஸ் ஒட்டி மூடிய உப்புச் சுவர்: "பின்" படம் எப்போது எடுக்க வேணும்?

வாவிக்கரை

கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் தரையில் நிற்கும் ஓட்டு வீடு. 1960களில் கட்டியது. செங்கல், ஒன்பது அங்குலச் சுவர், சிவப்புச் சீமெந்து நிலம். விறாந்தைச் சுவரும் மண்டபத்தின் இரண்டு சுவரும் சேர்த்து 46 அடி நீளத்துக்குப் பூச்சு பொருக்குப் பொருக்காக விழுது. நிலத்திலிருந்து 3 அடி உயரம் வரைக்கும் இந்த நிலைதான், உள்ளேயும் வெளியேயும். மாரியில் சுவர் கறுத்து ஈரமாகும். கச்சான் (கோடையின் வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கினால் மா தூவினது போல உப்புப் பூக்கும். இரண்டு தரம் கொத்திச் சீமெந்து பூசிப் பெயின்ட் அடித்தாச்சு, இரண்டும் ஒரு வருசம் தாங்கவில்லை.

கேட்ட இரண்டு கொந்தராத்துக்காரரும் சொல்வது ஒன்றுதான்: 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டு மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று. காட்டுகிற முன், பின் படங்கள் நல்ல அழகு. ஒட்டலாமா? இல்லையென்றால் சரியான முறை எது, என்ன சாமான் எவ்வளவு வேணும், எந்த மாதம் தொடங்க வேணும்? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்க.

சுண்ணாம்புக் காளவாய்

பிள்ளை, ஒட்ட வேண்டாம். அந்தப் படங்களை எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேளுங்க. வேலை முடிந்த கிழமை எடுத்த படத்தில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடந்த பிறகு எடுத்த படம் இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்க.

உள்ளே நடப்பது இதுதான். மணலுக்குள் உப்புத் தண்ணி இருக்கு. செங்கல்லிலும் சாந்திலும் இருக்கிற நுண்ணிய துவாரங்கள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தத் தண்ணியை மேலே இழுக்கும். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. தண்ணி ஏறிச் சுவரின் முகத்தால் ஆவியாகும். தண்ணி போய்விடும், கூட வந்த உப்பு போகாது. பூச்சுக்குப் பின்னால் பளிங்காக வளரும்போது அதற்கு இடம் வேணும், அதனால் பூச்சைத் தள்ளும். பொருக்கு விழுவது அதனால்தான்.

மாரியில் ஈரம், கச்சானில் உப்பு என்று எழுதினீங்களே, அதுக்கும் காரணம் இருக்கு. கறியுப்பு காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்துக்கு மேல் போனால் காற்றிலிருந்தே தண்ணியைக் குடித்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்பப் பளிங்காகும். வாடைக்காற்று மாதங்களில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டி நிற்கும், கச்சான் அடிக்கிற பகலில் கீழே இறங்கும். வருசத்துக்கு வருசம் உப்பு கரைவதும் உறைவதுமாக உங்கள் பூச்சை நெம்பிக்கொண்டே இருக்கு.

டைல்ஸ் ஒட்டினால் அந்த 4 அடிக்குள் தண்ணி ஆவியாக வழியில்லை. ஏறுகிற தண்ணி நிற்காது, வெளியேற இடம் தேடி மேலே போகும். 3 அடியில் நின்ற கோடு டைல்ஸைத் தாண்டி ஐந்து, ஐந்தரை அடியில் வந்து நிற்கும். அந்த உயரத்தில்தான் பிளக்கும் சுவிட்ச் பெட்டியும் இருக்கு. இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும், ஈரம் வயர் இணைப்புக்குப் போகும். சுவரின் நோயை விட இது ஆபத்து.

நீங்க இரண்டு தரம் பூசிய சீமெந்துப் பூச்சும் டைல்ஸ் செய்வதையேதான் கொஞ்சம் குறைவாகச் செய்தது. மேலே அடித்த எமல்ஷன் மிச்சத்தையும் அடைத்தது.

திருக்கோவில் தொ.உ.

அண்ணன் சொன்னது சரி. ஆனால் கொத்தத் தொடங்க முன் ஈரம் உண்மையிலேயே கீழிருந்துதான் வருகுதா என்று உறுதிப்படுத்த வேணும். இங்கே பிழைத்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

சுவரைத் தள்ளி நின்று பாருங்க. கறை ஒரே மட்டத்தில் கோடு போல ஓடினால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். யன்னலுக்குக் கீழே மட்டும் திட்டாக இருந்தால் யன்னல் படியால் மழைத்தண்ணி போகுது. மேல் மூலையில் தொடங்கினால் ஓடு அல்லது பீலி (கூரைத் தண்ணியை ஏந்தும் வாய்க்கால்). குளியலறைக்குப் பின்சுவரில் மட்டும் என்றால் குழாய். அடி முதல் நுனி வரை எல்லா இடமும் பூத்தால், கல் அறுத்த மணலிலோ பூசிய மணலிலோ உப்பு. சீமெந்துக் கல் வீடுகளில் இந்தக் கடைசி வகைதான் அதிகம், அதற்கு ஈரத்தடுப்புப் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 கடல் ஏறி நின்ற வீடுகளில் சுவருக்குள்ளேயே உப்பு தங்கிப் போனது. கீழிருந்து ஒரு சொட்டுத் தண்ணி ஏறாவிட்டாலும் மாரியில் அந்தச் சுவர் நனையும், மேலே சொன்ன 75 வீதக் கணக்குத்தான். அப்படியான சுவரில் உப்பை இழுத்து எடுக்க வேணும். தடுப்பு மட்டும் போதாது.

சின்னப் பரிசோதனை: ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன் வெட்டி, பொருக்கு இல்லாத இடத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. பொலித்தீனின் சுவர்ப் பக்கத்தில் வேர்வை பிடித்தால் ஈரம் சுவரிலிருந்து வருது. அறைப் பக்கத்தில் பிடித்தால் காற்றின் ஈரம். நிலத்திலும் ஒன்று ஒட்டிப் பாருங்க. சில வீட்டில் சுவரை விட நிலம்தான் கூடக் குடிக்கும்.

பூநொச்சிமுனை

டைல்ஸ் கூடவே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. அத்திவாரத்துக்கு மேலே தார்ப்படை போட்ட வீட்டில், நடுச் சுவரில், குசினியிலும் குளியலறையிலும் டைல்ஸ் இருபது வருசமும் நிற்கும். தொ.உ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) சேர் சொன்ன பொலித்தீனை ஒரு கோடையில் ஒரு தரமும் ஒரு மாரியில் ஒரு தரமும் ஒட்டிப் பார்த்து, இரண்டு தரமும் சுவர்ப் பக்கம் காய்ந்திருந்தால் ஒட்டலாம்.

ஏற்கனவே ஒட்டினவங்க பதற வேண்டாம். ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்க. பொள்ளல் சத்தம் வருகிற கல் சுவரை விட்டுவிட்டது. மேல் வரிசை மட்டும் பொள்ளலாக இருந்தால் அந்த வரிசையைக் கழற்றி, இரண்டு மாதம் திறந்து விட்டுப் பாருங்க. கீழ் வரிசைகளும் பொள்ளல் என்றால் எல்லாம் வர வேணும், அங்கங்கே ஒட்டுப் போடுவதில் காசுதான் போகும்.

வாவிக்கரை

நன்றி. பார்த்தேன்: கறை 46 அடியும் ஒரே மட்டம். பொலித்தீனில் சுவர்ப் பக்கம் வேர்வை, நிலத்தில் ஒன்றுமில்லை. முற்றம் முன்பை விட உயர்ந்திருக்கு. வெளிநிலம் வீட்டு நிலத்துக்கு 2 அங்குலம்தான் கீழே.

திருக்கோவில் தொ.உ.

அப்படியென்றால் முதல் வேலை சுவரில்லை, முற்றம்.

றோட்டை உயர்த்த உயர்த்த எல்லாரும் வளவுக்கு மண் போட்டு நிரப்புறாங்க, வீட்டு நிலம் அதே இடத்தில் நிற்குது. வெளிநிலம் உள் நிலத்துக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேணும். உங்களுக்கு இன்னும் 4 அங்குலம் வெட்டி எடுக்க வேணும். சுவரிலிருந்து 3 அடி அகலத்துக்கு வெட்டி, வெளிப்பக்கம் சாய்த்து விடுங்க, 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் இறக்கம் போதும்.

வெட்டின இடத்தைச் சுவரோடு சேர்த்துச் சீமெந்து போட வேண்டாம். சுத்தமாக இருக்கும் என்று எல்லாரும் செய்வது இது, ஆனால் மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரத்தையும் சுவருக்குத் தள்ளிவிடும். சுவரை ஒட்டி ஒரு அடிக்கு, வெட்டின மட்டத்தை விட உயராதபடி இன்னும் ஆழமாகத் தோண்டி, முக்கால் அங்குலச் சல்லி 4 அங்குலத் தடிப்பில் போட்டுவிட்டு, அதற்கு வெளியே வேணுமென்றால் சீமெந்து போடலாம். தாழ்வாரத் தண்ணி விழும் இடம் அந்தச் சல்லிக்கு மேலே வரக்கூடாது. பீலி இல்லையென்றால் பீலி போடுங்க. மாரித்தண்ணி ஓட்டிலிருந்து விழுந்து தெறித்தாலே ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் நனையும்.

சுண்ணாம்புக் காளவாய்

இனிச் சுவர். வேலை ஒழுங்கைச் சொல்கிறேன், ஒழுங்கு மாறினால் பலன் மாறும்.

மாசி கடைசியில் மழை ஓய்ந்ததும் தொடங்குங்க. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, அந்தச் சுவர்களில் இருக்கும் பிளக் பெட்டிகளைக் கழற்றி வயரை மூடி வைக்கச் சொல்லுங்க. பிறகு கறைக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை, அதாவது நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்துக்கு, உள்ளும் வெளியும் பூச்சைக் கொத்தி எடுக்க வேணும். நல்லாக இருக்கு என்று கோட்டோடு நிறுத்தினால் மிச்சம் விடுகிற அந்த ஒன்றரை அடியில்தான் உப்பு அடர்ந்திருக்கும். கல்லிடுக்குச் சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்க. பழைய சாந்து மண்சாந்தா சுண்ணாம்புச் சாந்தா என்று அப்போது தெரியும்.

கொத்தின பூச்சை அன்றன்றைக்கு வளவுக்கு வெளியே அனுப்புங்க. அதுதான் உப்பு மூட்டை. முற்றத்தில் பரப்பினால் அடுத்த மழைக்கு அதே உப்பு அதே சுவருக்கு வரும்.

அதன் பிறகு உலர் தூரிகையால் மட்டும் துடையுங்க. தண்ணி ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். கிழமைக்கு ஒரு தரம், பூத்ததைத் தூரிகையால் தட்டி, கீழே விரித்த பொலித்தீனில் ஏந்தி வெளியே கொட்டுங்க. இதைச் செய்யும் கையாளுக்கு முகமூடி குடுங்க.

காய்வதற்கு ஒரு கணக்கு: ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம். ஒன்பது அங்குலம் என்றால் ஒன்பது மாதம். மாசியில் திறந்து ஆவணியில் பூசினால் ஆறு மாதம்தான் கிடைக்கும். பரவாயில்லை, மிச்ச ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் ஊடாகப் போகும். அதற்காகத்தான் சுண்ணாம்பு.

ஈரத்தடுப்பு_கேள்வி

ஒன்பது அங்குலச் சுவருக்கு ஊசி போடுவதா, அறுத்துப் படை வைப்பதா நல்லது?

திருக்கோவில் தொ.உ.

இரண்டும் செய்யலாம். சாந்தைப் பொறுத்தது.

அறுத்து வைப்பது உறுதி, ஆனால் நல்ல மேசன் வேணும். ஒரு கல்வரியைத் தெரிந்து, 3 அடி நீளத்துக்குச் சாந்தை அறுத்து எடுத்து, கீழே 1க்கு 3 சீமெந்துச் சாந்து பரப்பி, கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள கறுப்புப் பொலித்தீன் அல்லது தார்த்தாள் வைத்து, மேலே திரும்ப உலர்ந்த சாந்தை இறுக்கி அடைக்க வேணும். அடுத்த 3 அடியைத் தொடாமல் விட்டு அதற்கடுத்ததை அறுங்க. முதல் துண்டுகள் குறைந்தது 3 நாள் இறுகின பிறகே நடுவில் விட்டதை அறுக்கலாம். இரண்டு துண்டுப் படை சந்திக்கும் இடத்தில் 6 அங்குலம் மேலேறிக் கிடக்க வேணும். பிழைக்கிற இடம் மேல் இடுக்கு: இறுக்கி அடைக்காமல் விட்டால் சுவர் அந்த இடைவெளிக்கு இறங்கும், யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு வரும். கதவு நிலைக்குப் பக்கத்திலும் வீட்டு மூலையிலும் முதல் அறுப்பைத் தொடங்க வேண்டாம்.

ஊசி முறை லேசு. உள் நிலத்து மட்டத்துக்குச் சரியாக மேலே இருக்கும் கிடைச் சாந்து வரியில் 12 மி.மீ. துவாரம், 12 செ.மீ.க்கு ஒன்று, 19 செ.மீ. ஆழம். துவாரத்தூளை ஊதி எடுத்துவிட்டு, சிலேன் கிறீம் (தண்ணியை விலக்கும் மருந்து) அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வெளியே வர வேணும். 46 அடி என்பது 14 மீற்றர், 117 துவாரம் வரும். ஒரு துவாரத்துக்கு 21 மி.லீ. பிடிக்கும், மொத்தம் இரண்டரை லீற்றர். சிந்தல் சேர்த்து 3 லீற்றர் வாங்குங்க. கல்லில் துளைத்தால் பயனில்லை, ஈரம் ஒரு கல்வரியிலிருந்து அடுத்ததுக்கு ஏறச் சாந்தைக் கடந்துதான் போக வேணும். அதனால் வரி தவறாமல் சோக்கால் கோடு போட்டுவிட்டுத் துளையுங்க. துவாரத்தைச் சுற்றிச் சாந்து மண்ணாக உதிர்ந்தால் நிறுத்துங்க, அந்தச் சுவருக்கு அறுத்து வைப்பதுதான். முருகைக்கல்லும் மண்சாந்தும் கலந்த மிகப் பழைய சுவர்களுக்கு ஊசி ஒத்துவராது. உள்ளே பொந்து இருக்கும், கிறீம் எங்கே போனது என்றே தெரியாது.

மட்டு_வடக்கு

சீமெந்தில் வாட்டர்புரூஃப் பொடி கலந்து பூசினால் ஊசியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம் என்று மேசன் பாஸ்மார் சொல்றாங்களே?

சுண்ணாம்புக் காளவாய்

தண்ணித் தாங்கிக்கு அது நல்லது. நிலத்துக்கு மேலே நிற்கும் உப்புச் சுவரில் அது டைல்ஸின் வேலையைத்தான் செய்யும். சுவருக்குள் வருகிற தண்ணி குறையாது, வெளியே போகும் வழி மட்டும் அடைபடும். முதல் வருசம் நல்லாக இருக்கும், அதுதான் ஏமாற்றுவது.

வாவிக்கரை

பூச்சுக்குச் சாமான் கணக்குப் போட்டேன், சரியா பாருங்க. 46 × 4.5 × 2 பக்கம் = 414 சதுர அடி. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தடிப்பு. சாந்து ஏறக்குறைய 30 கன அடி. 1க்கு 3 என்றால் சுண்ணாம்பு ஏழரை, மணல் இருபத்திரண்டரை கன அடி.

திருக்கோவில் தொ.உ.

பரப்பு சரி, சாந்தும் இடுக்கு நிரப்ப எல்லாம் சேர்த்து 30 கன அடி சரி. பிரித்த விதம்தான் பிழை. சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய்விடும், அதனால் சாந்தின் கனம் மணலின் கனத்தோடு நிற்கும். மணலே 30 கன அடி வேணும், அது ஒரு கியூப்பில் (100 கன அடி) மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஊறிய சுண்ணாம்பு 10 கன அடி. ஒரு கன அடி ஊறிய சுண்ணாம்புக்கு 20 கிலோ பொடி என்று வைத்தால் 200 கிலோ, சேதாரத்தோடு 225 கிலோ.

தனிச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசன் கிடைக்காவிட்டால் 1 சீமெந்து, 1 சுண்ணாம்பு, 6 மணல் என்று போடலாம். இரண்டு பக்கமும் அதையே பூசினால் சீமெந்து 50 கிலோப் பை 4, சுண்ணாம்பு 100 கிலோ, மணல் அதே 30 கன அடி. மூச்சு விடுவது கொஞ்சம் குறையும், ஆனால் வழமையான சீமெந்துப் பூச்சை விட எவ்வளவோ மேல். வெளிப்பக்கத்துக்கு மழை அடிக்கும் என்பதால் இதையே நான் சொல்வேன். உள்ளே தனிச் சுண்ணாம்பு.

சுண்ணாம்புக் காளவாய்

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை மணலோ வாவி மணலோ ஒரு கூடை கூடக் கலக்க வேண்டாம், பட்டது எல்லாம் வீணாகும். முந்தனையாற்று மணல் போல ஆற்று மணலாகத்தான் வேணும். லொறி வந்ததும் இறக்க முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும், அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணியும் ஊற்றிக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்க. மணலுக்கு மேலே படியும் சேற்றுப் படை மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்க. இந்த உப்புத் தண்ணி சோதனைக்கு மட்டும், அந்த மணலைச் சாந்தில் போட வேண்டாம்.

குழைக்கிற தண்ணியும் அப்படியே. கிணற்றுத் தண்ணி கரித்தால் தொட வேண்டாம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற பைப் தண்ணியால் குழையுங்க. மணலை எவ்வளவு பார்த்து வாங்கினாலும் கரிக்கிற தண்ணியால் குழைத்தால் உப்பைத் திரும்ப நாமே சுவருக்குள் வைப்போம்.

சுண்ணாம்பு: கடற்கரையில் முருகைக்கல் எடுப்பதும் சுடுவதும் சட்டப்படி தடை. யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். மாத்தளைப் பக்கத்து டொலமைட் சுண்ணாம்புப் பொடி பையில் கிடைக்கும், பை உடையாததாகப் பாருங்க. காற்றுப்பட்ட பொடி பாதி செத்தது. பொடியைத் தண்ணியில் தூவி (தண்ணியைப் பொடியில் ஊற்றக் கூடாது) ஒரு நாளாவது ஊற விடுங்க, ஒரு கிழமை ஊறினால் இன்னும் நல்லது. மேலே இரண்டு விரல் தண்ணி நிற்க வேணும். கண்ணாடி போடாமல் கிட்டப் போகக்கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணியில் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

பூசும்போது முதல் நாள் மாலை சுவரை நனைத்து, காலையில் திரும்பத் தெளித்து, முதல் கை 9 மி.மீ. போடுங்க. இறுகத் தொடங்கும்போது ஆணிப் பலகையால் குறுக்கு நெடுக்காகக் கீறி விடுங்க. ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டாம் கை 6 மி.மீ. ஒரே கையில் தடிப்பாகப் போட்டால் தொங்கி வெடிக்கும். இரும்புக் கரண்டியால் மினுங்க மினுங்கத் தேய்ப்பதும் கூடாது, மேல் முகம் அடைபடும். மரத் தேய்ப்புப் பலகையால் முடியுங்க.

ஆவணியில் கச்சான் இன்னும் அடிக்கும். காற்றுப் பக்கம் கயிறு கட்டிச் சணல் சாக்கை நனைத்துத் தொங்க விடுங்க, சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி. ஒரு கிழமைக்குக் காலை மாலை மெதுவாகத் தெளியுங்க. வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு விரலால் தேய்த்தாலே மாவாக வரும், அதற்குப் பிறகு மருந்தில்லை.

பூச்சு நிலத்தைத் தொடக்கூடாது. கீழே ஒரு அங்குலம் விட்டு நிறுத்துங்க. தொட்டால் ஈரத்தடுப்பைத் தாண்டி ஏற அதுவே பாலம்.

கடல் ஏறிய வீடு

2004இல் தண்ணி நின்ற சுவருக்கு உப்பை எப்படி இழுப்பது?

சுண்ணாம்புக் காளவாய்

இரண்டு வழி. சின்ன இடம் என்றால் காகிதக் கூழ்: மை இல்லாத வெள்ளைக் காகிதத்தை நல்ல தண்ணியில் இரண்டு நாள் ஊறவைத்து அரைத்து, அரைவாசிக்குக் கழுவின ஆற்று மணல் சேர்த்து, கொத்தின சுவரில் முக்கால் அங்குலத்துக்கு அப்புங்க. தண்ணி உள்ளே போய் உப்பைக் கரைத்து, காயும்போது கூழுக்குள் கொண்டுவரும். இரண்டு மூன்று கிழமையில் காய்ந்து சுருண்டு தானாகக் கழரும். எடுத்து வெளியே எறிந்துவிட்டுத் திரும்ப. மூன்று தரம் வேணும்.

பெரிய சுவருக்கு எடுத்தெறியப் போடும் பூச்சு. 1 சுண்ணாம்பு, 4 மணல், பலம் வேண்டாம், மேலே ஒன்றும் அடிக்க வேண்டாம். ஒரு வருசம் அது உப்பைக் குடித்துப் பொருக்கும். பொருக்குவது தோல்வியில்லை, அதற்காகத்தான் போட்டது. கொத்தி எடுத்துவிட்டு அடுத்த கோடையில் நிரந்தரப் பூச்சு.

சாய்ந்தமருது வர்ணம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பெயின்ட் பக்கம் நான் சொல்றேன்.

முதல் வருசம் எமல்ஷன், புட்டி, வோல் ஃபில்லர் எதுவும் வேண்டாம். வெள்ளைதான். ஊறிய சுண்ணாம்பு 1 லீற்றருக்குத் தண்ணி 3 முதல் 4 லீற்றர், பால் பதம், மெல்லிய துணியில் வடிகட்ட வேணும். சுவரை லேசா நனைச்சு, மெல்லிசா நாலு கை, கைக்குக் கை ஒரு நாள் இடைவெளி. அடிக்கும்போது கண்ணாடி போலத் தெரியும், காய்ஞ்சாத்தான் வெள்ளை ஏறும். தெரியல்லையே என்று தடிப்பாக அடிச்சா செதில் செதிலாக எழும்பும்.

வெள்ளை பிடிக்கிறதுக்கு ஒரு பிடி உப்புப் போடுகிற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு. இந்தச் சுவருக்கு அது கூடவே கூடாது.

நிறம் வேணுமென்டால் மஞ்சட்காவி அல்லது சிவப்பு ஒக்சைட், சுண்ணாம்புப் பொடி எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போக வேண்டாம். பவுடரை முதல் நாளே தண்ணியில் ஊறவைச்சு வடிகட்டிச் சேருங்க, இல்லாட்டிக் கோடு கோடாக இழுக்கும். முழுச் சுவருக்கும் வேண்டியதை ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்க. இரண்டாம் வாளி ஒரு நாளும் அதே நிறம் வராது.

வாவிக்கரை

நானா, வெள்ளை உடுப்பில் ஒட்டாதா? மண்டபத்தில் சுவரோரம் வாங்கு போட்டு ஆட்கள் சாய்ந்து இருப்பாங்க.

சாய்ந்தமருது வர்ணம்

கொஞ்சம் ஒட்டும், மறைக்கத் தேவையில்லை. மூன்று நாலு மாதத்தில் இறுகக் குறையும். சாய்கிற இடத்துக்கு ஓடாவி அண்ணன் வழி சொல்வார்.

செட்டிபாளையம் ஓடாவி

பலகைத் தட்டி அடிக்கலாம், சுவரில் ஒட்டாமல். நிறுத்திய சலாகை 1 அங்குலத் தடிப்பில், 2 அடிக்கு ஒன்று. அதன் மேல் கிடையாகப் பலகை. கீழே நிலத்திலிருந்து 2 அங்குலம் திறந்து, மேலே முக்கால் அங்குலம் திறந்து விட்டால் காற்று பின்னால் ஏறிப் போகும். சலாகையைக் கிடையாக அடித்தால் காற்று தடைபடும், பலரும் செய்கிற பிழை அதுதான். சுவரில் படும் முகத்துக்குக் கறையான் மருந்து இரண்டு கை. ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத இஸ்குறூப். அப்போதுதான் வருசத்துக்கு ஒருக்காக் கழற்றிச் சுவரைப் பார்க்க ஏலும். பூசி ஒரு மாரி போன பிறகு அடியுங்க, முன்னுக்கு வேண்டாம்.

கதவு நிலையின் கால்களையும் பாருங்க. அவை நிலத்துக்குள் இறங்கி நின்றால் அடி 3 அங்குலம் இற்றுப் போயிருக்கும். வெட்டி எடுத்துக் கருங்கல் துண்டோ 1க்கு 2க்கு 4 கொங்கிறீற்றோ வைத்து, நடுவில் தார்த்தாள் ஒரு துண்டு.

புளியந்தீவு கமரா

முன், பின் என்று இழையின் தலைப்பிலேயே இருப்பதால் படம் எடுக்கும் முறையையும் சொல்ல வேணும். பல படங்கள் பொய் சொல்வது வெளிச்சத்தால்தான். முன் படத்தைச் சாய்ந்த மாலை வெயிலில் எடுத்தால் பொருக்கு ஒவ்வொன்றும் நிழல் விழுத்தும், பின் படத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் மேடு பள்ளம் தெரியாது.

நிலத்தில் கால் வைக்கிற இடத்துக்கு ஆணியால் ஒரு அடையாளம், போன் 4 அடி உயரத்தில், சூம் இல்லாமல், ஒரே மணிக்கு. அடிமட்டம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வையுங்க. இப்போதுள்ள கறைக் கோட்டைப் பென்சிலால் கீறித் திகதி எழுதி, நிலத்திலிருந்து உயரத்தையும் எழுதுங்க. கொத்தும்போது அது போய்விடும் என்பதால் அந்த உயரத்தைக் கதவு நிலையில் ஒரு கோடாகவும் போடுங்க. எதிர்காலத்தில் ஈரம் ஏறுதா இறங்குதா என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

வாவிக்கரை

டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லியாச்சு. தை முடிய முற்றம் வெட்டிச் சல்லி, பீலி. மாசி கடைசி கொத்தி, கிழமைக் கிழமை தூரிகை. வைகாசியில் ஊசி. சாந்து சுரண்டிப் பார்த்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்து, உதிரவில்லை. ஆவணி பூச்சு, உள்ளே சுண்ணாம்பு, வெளியே 1:1:6. புரட்டாதிக்கு முன் வெள்ளை. பலகை அடுத்த வருசம். "பின்" படம் அடுத்த வருசக் கச்சான் ஓய்ந்து, அதே அடையாளத்தில் நின்று.

திருக்கோவில் தொ.உ.

ஊசியைச் சித்திரைக்கு முன்னுக்குக் கொண்டுவாங்க. வைகாசியில் போட்டால் ஆவணிக்குள் தடுப்புக்கு மேலே சுவர் காயக் காலம் போதாது. கொத்தி இரண்டு கிழமையில் போடலாம். கிறீமுக்கு ஈரச் சுவர் பிரச்சினையில்லை. துவாரத்தின் வாயை அடைக்கச் சீமெந்து வேண்டாம், அதே சுண்ணாம்புச் சாந்து.

சுண்ணாம்புக் காளவாய்

பிளக் பெட்டிகளைத் திரும்பப் பொருத்தும்போது இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டி. மெயினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா என்று சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்க, அது விழுந்தால்தான் பிளக்குகளைப் பாவிக்க வேணும்.